வலியதுறைக் கடற்பாலமும் தூண்டிற்காரரும்

கோடை விடுமுறை வந்துவிட்டால், தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் உத்தியோகம் பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் பல தெற்கு நோக்கிப் புறப்படுகின்றன. அவற்றுள் சில திருவனந்தபுரத்தில் இறங்கி, பத்மநாப சுவாமி கோயிலைத் தரிசித்து, சங்குமுகத்திலும் கோவளத்திலும் ஒரு மாலைப் பொழுதைக் கழித்துவிட்டுக் குமரிமுனைக்குச் செல்வது வழக்கம். சங்குமுகக் கடற்கரைக்குச் சற்றுத் தெற்கே கடலுக்குள் நீண்டு நிற்கும் ஒரு பழைய பாலத்தை அவர்கள் கண்டிருக்கக்கூடும். கரையையும் மறுகரையையும் இணைக்காத அந்தப் பாலம் எதற்காகக் கட்டப்பட்டது, பின்னர் யாருக்குப் பயன்பட்டது என்னும் வரலாற்றை நேயர்களுக்குச் சொல்வதே இவ்வுரையின் நோக்கமாகும்.

அந்த இடத்தின் பெயர் வலியதுறை. மலையாளத்தில் ‘வலிய’ என்றால் பெரிய என்பது பொருள். ‘துறை’ என்பது நமக்கும் அவர்களுக்கும் பொதுவான சொல். கப்பல் வந்து நிற்கும் இடத்துக்கும், இறங்கும் மேடைக்கும், கரையை ஒட்டிய சுவருக்கும், கடலுக்குள் நீளும் பாலத்துக்கும் ஆங்கிலத்தில் வெவ்வேறு சொற்கள் உண்டு. அரசாங்கக் காகிதங்களைத் தமிழாக்கும்போது அவற்றை வேறுபடுத்திக் காட்டுவது என்னைப் போன்ற மொழிபெயர்ப்பாளருக்குச் சற்றுச் சிரமமான வேலைதான். ஆனால் வலியதுறை மக்கள் இதைக் ‘கடற்பாலம்’ என்று அழைத்து அச்சிக்கலை எளிதில் தீர்த்துக்கொண்டார்கள். பொருளுக்கு மிகவும் பொருத்தமான அப்பெயரையே நாமும் ஆள்வோம்.

இங்கே பாலம் ஏன் தேவைப்பட்டது என்பதை அறியக் கரையின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். திருவனந்தபுரத்தின் கடற்கரையில் பெரும்பகுதி திறந்த மணற்கரையாகும். தெற்கே விழிஞத்தில் மட்டும் பாறைகள் சூழ்ந்த ஒரு சிறு வளைகுடா உண்டு. அதனால்தான் விழிஞம் பண்டைக் காலத்திலேயே ஆய் மன்னர்களின் துறைமுகமாகவும், பாண்டியரும் சோழரும் கைப்பற்ற விரும்பிய இடமாகவும் விளங்கிற்று. வலியதுறைக்கு அத்தகைய இயற்கைக் காப்பு எதுவும் இல்லை. பெரிய கப்பல்கள் கரைக்கு வெகு தொலைவிலேயே நங்கூரமிட வேண்டியிருந்தது. அங்கிருந்து சரக்கைத் தோணிகளில் இறக்கிக் கரைக்குக் கொணர வேண்டும். கரைக்கு அருகில் அலைகள் முறிந்து நுரைக்கும் பகுதியே ஆபத்தான இடம். அவ்வரிசையைக் கடந்துவிட்டால் கடல் ஓரளவு அமைதியாகவே இருக்கும். அலை முறியும் வரிசைக்கு அப்பால் தோணியை நிறுத்தி, அங்கிருந்தே சரக்கை மேலே தூக்கிவிட முடியுமானால் தோணிக்கும் ஆளுக்கும் சேதம் இராது. இந்த எளிய எண்ணத்திலிருந்து பிறந்தவையே நம் நாட்டுக் கடற்பாலங்கள் யாவும்.

திருவிதாங்கூரின் தலைநகருக்கு மிக அருகில் இருந்த கடல்வாயில் வலியதுறை. நகரின் பெரிய அங்காடியான சாலைக் கடைத்தெரு, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாஸ் அமைத்தது. தமிழ் வணிகர் பலர் தலைமுறை தலைமுறையாகக் கடை நடத்திவரும் தெரு அது. வலியதுறைக்குச் சிறிது கிழக்கே உள்ள வள்ளக்கடவு என்னும் படகுத்துறையின் வழியே பார்வதி புத்தனாறு செல்கிறது. 1815 முதல் 1829 வரை ஆட்சிப் பொறுப்பை வகித்த கௌரி பார்வதி பாயின் பெயரைத் தாங்கிய கால்வாய் இது. கடலில் வந்த சரக்கும் கால்வாயில் வந்த சரக்கும் இவ்வாறு ஓரிடத்தை அடுத்து வந்து சேர்ந்து, நகரத்துக்குள் சென்றன. இத்தகைய இடத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஓர் இரும்புப் பாலம் எழுந்ததில் வியப்பில்லை.

அந்நூற்றாண்டு இந்தியக் கடற்கரையில் பாலங்கள் கட்டப்பட்ட காலம். சென்னையில் மசூலாப் படகுகள் அலைகளோடு போராடிப் பயணிகளையும் சரக்கையும் கரை சேர்த்த நிலை மாற, 1861 ஆம் ஆண்டில் ஒரு பாலம் அமைந்தது. ஆலப்புழையில் 1862 ஆம் ஆண்டிலும், புதுச்சேரியில் 1866 ஆம் ஆண்டிலும் பாலங்கள் தோன்றின. இவற்றின் முடிவுகளும் ஏறத்தாழ ஒன்றுபோலவே அமைந்தன. சென்னைப் பாலத்தை 1868, 1872 ஆம் ஆண்டுகளின் புயல்கள் சிதைத்தன. புதுச்சேரிப் பாலத்தை 1952 ஆம் ஆண்டுப் புயல் கொண்டுபோயிற்று. அதற்குப் பின் கட்டப்பட்ட புதிய பாலத்தின் ஒரு பகுதியும் 2022 ஆம் ஆண்டில் கடலில் சரிந்தது. ஆலப்புழையில் கப்பல்கள் வருவது நின்றபின் துருப்பிடித்த தூண்களே எஞ்சின.

வலியதுறை இரும்புப் பாலத்துக்கு முடிவு புயலால் வரவில்லை, கப்பலால் வந்தது. நாடு விடுதலை பெற்ற அதே 1947 ஆம் ஆண்டில், ‘பண்டிட்’ என்னும் சரக்குக் கப்பல் பாலத்தின்மீது மோதிற்று. பாலம் உடைந்தது, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. எந்தக் கப்பல்களுக்காகப் பாலம் கட்டப்பட்டதோ, அவற்றுள் ஒன்றே அதை அழித்தது.

அதற்குப் பதிலாக ஒரு கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் புதிய பாலம் 1956 ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. அதன் நீளம் 703 அடி. அவ்வாண்டு நவம்பர் முதல் தேதியன்றுதான் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன என்பதை நேயர்கள் நினைவுகூர்வார்கள். நாஞ்சில் நாட்டுத் தாலுகாக்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. எஞ்சிய பகுதி கேரளத்தின் தென்கோடியாயிற்று. கடற்கரைக்கு மட்டும் இந்தப் பிரிவினை அவ்வளவாகத் தெரியவில்லை. சென்னைக் கடைகளில் வஞ்சிரம் எனப்படும் மீன் குமரியிலும் திருவனந்தபுரத்திலும் நெய்மீன்தான். சென்னையின் கானாங்கெளுத்தி நாகர்கோவிலில் அயிலை; வலியதுறையில் அயல. பாரையும் சூரையும் சாளையும் கணவாயும் எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் ஏறக்குறைய ஒரே பெயராலேயே விலை கூறப்படுகின்றன.

புதிய பாலத்தில் பாரந்தூக்கிகள் நிறுவப்பட்டன. கரையில் கிடங்குகள் எழுந்தன. எனினும் காலம் அதற்கு முன்பே திசை மாறிவிட்டது. 1904 ஆம் ஆண்டில் செங்கோட்டைக் கணவாய் வழியாகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கொல்லத்துக்கு இரயில் வந்தது. 1918 ஆம் ஆண்டில் அது திருவனந்தபுரத்தை எட்டி, 1931 ஆம் ஆண்டில் நகரின் நடுவிலுள்ள தம்பானூருக்கே வந்து சேர்ந்தது. நம் முன்னோரில் பலர் பிழைப்புத் தேடி இங்கு வந்ததும் இவ்வழியேதான். வடக்கே, பொறியியல் அறிஞர் இராபர்ட் பிரிஸ்டோவின் முயற்சியால் கொச்சியின் மணல் திட்டு வெட்டப்பட்டு, 1928 ஆம் ஆண்டில் பெருங்கப்பல்கள் உள் துறைமுகத்துக்குள் நுழையலாயின. கப்பலையே கரையோடு அணைத்து நிறுத்த வசதி ஏற்பட்ட பிறகு, தோணியில் சரக்கு இறக்கும் துறையை நாடுவோர் யார்? வலியதுறைக்குக் கப்பல்கள் வருவது படிப்படியாகக் குறைந்து, முடிவில் நின்றுபோயிற்று.

அரசாங்கக் கோப்புகளைப் பொறுத்தவரை பாலத்தின் கதை இங்கே முடிந்துவிடுகிறது. உண்மையில் அதன் நீண்ட வாழ்வு இதற்குப் பின்னரே தொடங்கிற்று.

கடலில் நாட்டிய தூண் வெகுநாள் வெறுந்தூணாக இராது. சில மாதங்களில் அதன்மீது பாசி படியும். பின்னர் கொட்டலசும் சிப்பியும் பற்றும். அவற்றை மேயச் சிறுமீன்கள் கூடும். சிறுமீன்களைத் தேடிப் பாரையும் சீலாவும் வரும். மணல்வெளியான கடலடியில் தூண்களின் நிழலே மீன்களுக்கு ஒரு தோப்பாகிவிடுகிறது. இந்த உண்மையைத் திருவனந்தபுரத்து மீனவர் நெடுங்காலமாக அறிவர். கல்லையும் மரக்கிளைகளையும் கடலடியில் போட்டு மீன்களை அங்கே தங்கச் செய்யும் உத்தி அவர்களுடையது. சரக்குக்காகக் கட்டப்பட்ட கடற்பாலம், எவரும் திட்டமிடாமலே, மீன் கூடும் அத்தகைய ஓர் இடமாயிற்று.

மீன் கூடிய இடத்துக்குத் தூண்டிற்காரர் வந்தனர். தூண்டில் மீன்பிடிப்பு இக்கடற்கரையின் பழைய கலை. வலையைவிடத் தூண்டிலில் வல்லவர்கள் என்று பெயர்பெற்றவர்கள் இப்பகுதி மீனவர். 1952 ஆம் ஆண்டில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி, கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் இந்திய-நார்வே மீன்வளத் திட்டம் 1953 முதல் செயற்பட்டது. அதனையொட்டிய ஆண்டுகளில் இயந்திரப் படகுகளும் நைலான் நூலும் கேரளக் கடற்கரையில் பரவின. பருத்தி நூலைப் போல் நீரில் ஊறி நைந்துபோகாத நைலான் நரம்பு, கடலோரத்தார் தங்கூசு என்று சொல்வது, ஏழைச் சிறுவன் கைக்கும் எட்டும் பொருளாயிற்று. ஒரு சுருள் தங்கூசு, ஓர் ஈயக்குண்டு, ஒரு முள், இரைக்குச் சிறிது நெத்திலியோ இறாலோ கணவாய்த் துண்டோ இருந்தால் போதும். படகு வேண்டியதில்லை, துடுப்பு வேண்டியதில்லை. கட்டுமரத்தில் சென்றால்தான் எட்டக்கூடிய நீருக்கு, பாலத்தின் மீது நடந்தே போய்விடலாம்.

ஆகவே அப்பலகைகளின் மீது பலதரப்பட்டோர் ஒன்றாக நின்றனர். வயதாகிக் கடலுக்குச் செல்ல இயலாத மீனவர் அன்றைய கறிக்காகத் தூண்டில் போட்டார். மீனவச் சிறுவர் தொழிலின் முதற்பாடத்தைக் கற்றனர். நகரத்து அலுவலர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலையில் பொழுதுபோக்குக்காக வந்தனர். மேட மாதத்துக் கோடை விடுமுறையில், கடல் ஓரளவு அடங்கியிருக்கும் நாட்களில், வெளியூரிலிருந்து வந்த குடும்பங்களும் வேடிக்கை பார்க்கக் கூடின. ஒருவருக்கு வயிற்றுப்பாடு, மற்றொருவருக்கு விளையாட்டு; ஆனால் இருவர் தூண்டிலும் விழுந்தது ஒரே நீரில்.

இந்தச் சமத்துவம் சாதாரணமானதன்று. நம் நாட்டில் பொழுதுபோக்காகத் தூண்டில் பிடிப்பது பற்றிய ஆங்கில நூல்கள் பெரும்பாலும் ஆட்சியாளர்களின் ஓய்வு நேரத்தைச் சார்ந்தவை. சென்னை மாகாண சிவில் சர்வீஸில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்பவர் 1873 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் அவற்றுள் புகழ்பெற்றது. மலையாறுகளில் வாழும் பெரிய கெண்டை இனத்து மீனைப் பிடிப்பதே அதில் சிறப்பாகப் பேசப்படுகிறது. அத்தகைய விளையாட்டுக்குக் குதிரையும் கூடாரமும் ஏவலாளரும் வேண்டியிருந்தன. கடற்பாலத்துக்கோ கால்நடையே போதுமானதாக இருந்தது.

மழைக்காலத்தில் பாலத்துக்கு வேறொரு பணி இருந்தது. இடவப்பாதி மழை தொடங்கியதும் அலைகள் கரையை அரித்து, மணற்பரப்பையே விழுங்கிவிடும். அப்போது கரையிலிருந்து கட்டுமரத்தைத் தள்ளிச் செல்வது உயிரைப் பணயம் வைக்கும் செயல். அந்நாட்களில் சுற்றுவட்டாரத்து மீனவர் தம் கட்டுமரங்களைப் பாலத்தின் வழியே கொண்டுசென்று, அலை முறியும் வரிசைக்கு அப்பால் கடலில் இறக்கிவிட்டுத் தாமும் குதித்து, அதில் ஏறித் துடுப்புப் போடுவார்கள். ஐரோப்பியப் பயணியான வில்லியம் டாம்பியர் 1697 ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைப் பற்றி எழுதினார். அத்தமிழ்ச் சொல் ஆங்கில மொழியிலும் இடம்பெற்றது. நம் மொழி உலகுக்கு அளித்த அந்தக் கலம், கப்பல்கள் கைவிட்ட பாலத்தின் முனையில் ஒவ்வொரு மழைக்காலமும் கடலேறிற்று. வறுமை மிகுந்த மாதங்களில் பல குடும்பங்களின் அடுப்பு எரிந்தது அதனால்தான்.

கட்டியவர் ஒன்று நினைக்க, காலம் வேறொன்றுக்கு அதைப் பயன்படுத்துவது பிற நாடுகளிலும் உண்டு. இங்கிலாந்தில் 1814 ஆம் ஆண்டில் ரைடு என்னும் ஊரில் அமைந்த பாலம், படகுப் பயணிகள் சேற்றில் மிதிக்காமல் கரையேறுவதற்காகக் கட்டப்பட்டது. பின்னர் அத்தகைய பாலங்கள் அந்நாட்டுக் கோடை விடுமுறையின் அடையாளங்களாகவே மாறின. தூண்டிற்காரருக்கு அவற்றில் நிலையான இடம் கிடைத்தது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்துச் சாண்டா மோனிக்கா பாலம் 1909 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டபோது, அதன் நோக்கம் நகரத்துக் கழிவுநீர்க் குழாயைக் கடலுக்குள் கொண்டுசெல்வதே. இன்று அது உல்லாசத் தலம். அம்மாநிலத்தில் பிற இடங்களில் மீன்பிடிக்க உரிமச்சீட்டு வாங்க வேண்டியவரும், கடலிலுள்ள பொதுப் பாலத்தில் நின்று பிடித்தால் உரிமச்சீட்டு வாங்க வேண்டியதில்லை. படகு வாடகைக்கு எடுக்கப் பணமில்லாதவனுக்கும் கடலில் பங்கு உண்டு என்று ஒரு சட்டம் ஒப்புக்கொள்வது நம் கவனத்துக்குரியது.

வலியதுறைப் பாலம் அறிவியலுக்கும் உதவிற்று. திருவனந்தபுரத்தில் 1978 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட புவி அறிவியல் ஆய்வு மையத்தார் இப்பாலத்தில் கருவி பொருத்தி அலைகளை அளந்தனர். இக்கடற்கரை மீனவர் ‘கள்ளக்கடல்’ என்று ஒன்றைச் சொல்வார்கள். காற்றும் மழையும் இல்லாத நல்ல நாளில், முன்னறிவிப்பின்றிக் கடல் பொங்கிக் கரையேறுவதுதான் அது. தொலைதூரத் தென்கடலில் எழும் புயல்கள் அனுப்பும் நீண்ட அலைகளே இதற்குக் காரணம் என்பதை ஆய்வாளர்கள் விளக்கினர். 2012 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இச்சொல்லை அறிவியல் வழக்காகவே ஏற்றுக்கொண்டது. விடுமுறைக்கு வரும் நேயர்கள் இதை மனத்திற்கொள்ளுதல் நலம். ஏனெனில் கள்ளக்கடல் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில், நம் கோடை விடுமுறையின்போதே வருகிறது. 2024 மே மாதத்தில் குமரி மாவட்டத்துக் கடற்கரை ஒன்றில் மருத்துவ மாணவர் ஐவர் அலையில் சிக்கி உயிரிழந்தது இத்தகைய நாளொன்றில்தான். வானம் தெளிவாக இருப்பதைக் கொண்டு கடலின் மனத்தை அளக்கலாகாது. பாறையில் நின்று தூண்டில் போடுமுன்னும் படகை அமர்த்துமுன்னும், எச்சரிக்கை அறிவிப்பைக் கேட்பதோடு, அங்குள்ள மீனவர் ஒருவரையும் கேட்டறிவதே முறையாகும்.

இனி, பாலத்தின் இன்றைய நிலையைச் சொல்லவேண்டும். அண்மை ஆண்டுகளில் திருவனந்தபுரத்தின் கடற்கரை வேகமாக அரிக்கப்பட்டு வந்துள்ளது. முன்பெல்லாம் மழைக்காலம் கொண்டுபோன மணலைக் கடல் பிற மாதங்களில் திருப்பித் தந்துவிடும். அந்தக் கணக்கு இப்போது பல இடங்களில் நேராவதில்லை. சங்குமுகத்துச் சாலையே அலைக்கு இரையாயிற்று. வீடிழந்த குடும்பங்கள் பல, சரக்குக்காகக் கட்டப்பட்ட வலியதுறையின் பழைய கிடங்குகளில் ஆண்டுக்கணக்கில் தங்கி வாழும்படி நேர்ந்தது. 2021 மே மாதத்தில் டவுத்தே புயற்காலத்துக் கடற்கொந்தளிப்பில் பாலத்தின் முகப்புப் பகுதி சரிந்து, அதன் வாயில் அடைக்கப்பட்டது. 2024 மார்ச் மாதத்தில் பாலம் இரண்டாகவே பிளந்தது.

அதே 2024 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில், விழிஞத்தில் எழுந்துள்ள புதிய பன்னாட்டுத் துறைமுகத்துக்கு முதற்பெரும் சரக்குக் கப்பல் வந்து சேர்ந்தது. 2025 மே 2 அன்று அத்துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆய் மன்னர் காலத்து இயற்கைத் துறை மீண்டும் பெருந்துறையாகிறது என்பது வரலாற்று மாணவனுக்கு மகிழ்ச்சி தரும் செய்தியே. துறைமுகத்தால் தம் கரைக்கும் தொழிலுக்கும் என்ன ஆகும் என்னும் மீனவரின் கவலையும் அதே வரலாற்றைச் சேர்ந்ததுதான். 2022 ஆம் ஆண்டில் அவர்கள் பல மாதங்கள் நடத்திய போராட்டம் அக்கவலையை நாடறியச் செய்தது.

உடைந்த பாலத்தைச் செப்பனிடுவதா, புதிதாகக் கட்டுவதா என்பது பொறியியல் அறிஞர்களும் ஆட்சியாளரும் முடிவுசெய்ய வேண்டிய காரியம். வரலாறு கற்றவன் அவர்கள் முன் வைக்கக்கூடியது ஒரு கணக்கு மட்டுமே. 1956 ஆம் ஆண்டுப் பாலம் கப்பலுக்கு உழைத்த ஆண்டுகளைவிட, தூண்டிலுக்கும் கட்டுமரத்துக்கும் உழைத்த ஆண்டுகளே அதிகம். முதற்பணியில் எத்தனை மூட்டை இறங்கிற்று என்பதற்குப் பதிவேடு உண்டு. இரண்டாம் பணியில் எத்தனை வீட்டில் சோறு வெந்தது, எத்தனை சிறுவர் கடலைப் படித்தனர் என்பதற்குப் பதிவேடு கிடையாது. பதிவு இல்லாததனால் அது பயனற்றதென்று ஆகிவிடாது. இனி அங்கே ஏதேனும் கட்டப்படுமாயின், அதன் அளவுகளைக் குறிக்கும்போது, மழைக்காலத்தில் கட்டுமரம் இறக்குவதற்கு ஒரு மூலையும், தூண்டிற்காரன் நிற்பதற்கு ஒரு கைப்பிடிச் சுவரும் ஒதுக்கப்பட வேண்டும். அக்கடற்பாலம் தன் இரண்டாம் வாழ்வில் செய்த தொண்டுக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றி அதுவேயாகும்.